தாமதத்துக்குக் காரணம்

1

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குச் சிலமலையில் அந்த வீட்டின் உள்ளறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அனுசியா, வயது முப்பத்தொன்று. அவள் கால்மாட்டில் கணவன் பால்ராஜ். தலைமாட்டில் மாமியார் பெரியம்மாள். தரையில், காவிமண் குழைத்த கொட்டாங்கச்சியோடு, அக்கி எழுத வந்த காசிமாயன். வாசற்படியில், உள்ளே வராமலும் வெளியே போகாமலும், மாமனார் சீனிச்சாமி. ஐந்து பேர். ஆறாவதாகத் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அந்த வீட்டுக்குள் கால் வைத்தே இராதவர்கள்.

இதை எழுதுகிறவர் சீனிச்சாமி. முதலில் 'நான்' என்றுதான் எழுதினார். நான்கு வரி போனதும் அது மனுப்போல் ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மனுக் கொடுத்ததில்லை. ஆகவே சீனிச்சாமி என்றே எழுதுகிறார். தனக்குத் தானே 'அவர்' போட்டுக்கொள்கிறாரே என்று பெரியம்மாள் படித்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. அதற்காகவே 'அவர்' இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். ஒரு படிவத்திலிருந்து வந்தது. சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா போனில் இருபத்திரண்டு கேள்விகள் கேட்டார். இருபத்தொன்றுக்குச் சீனிச்சாமி உண்மை சொன்னார். பதினேழாவதற்குப் பொய் சொன்னார். அந்தப் பொய்யைத் திருத்துவதா, வேண்டாமா என்பதுதான் கதை. வேறு எதையும் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதப்பட்டது.

'ஏலக்காய் மணக்கும் மலைச்சரிவில்...' அடித்தாயிற்று. மணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது மழைக்காலம். ஈரச்சாக்கு வாடைதான்.

'சிலமலையில் முதன்முதலில் மச்சு வீடு கட்டிய குடும்பம் என்றால்...' இது ஒன்றரைப் பக்கம் போனது. பெரியம்மாள் படித்தாள். "செத்தவளைப் பத்தி எழுதுறேன்னுட்டு உங்க தாத்தாவப் பத்தில எழுதி வச்சிருக்கீங்க," என்றாள். அதுவும் அடித்தாயிற்று.

'ஒரு அட்டை கடித்தது.'

இது நிற்கிறது.

3

ஆவணி மாதம். காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. சீனிச்சாமிக்குப் போடிமெட்டுக்கு மேலே பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். காலையில் வேலையாட்களோடு ஜீப்பில் அனுசியாவும் நெருக்கிக்கொண்டு ஏறிப் போவாள். முதலாளி வீட்டு மருமகள் அப்படிப் போவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் விளைந்த காயை விட்டுவிட்டுப் பிஞ்சைப் பறிக்கும் கையை இரண்டு வரிசை தள்ளி நின்றே அவள் கண்டுபிடித்துவிடுவாள். தோட்டம் அவளால்தான் ஒழுங்காக நடந்தது. இதை அவர் அவளிடம் சொன்னதில்லை.

[மேற்படி வாக்கியத்துக்குப் பிறகு அரை நாள் எதுவும் எழுதவில்லை.]

புதன்கிழமை இடது கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்தது. மழைக்காலத்தில் அந்தச் சரிவில் அட்டை கடிக்காத கால் கிடையாது. மூக்குப்பொடியைத் தூவி உதிர்த்துவிட்டு எல்லாரும் வேலையைப் பார்ப்பார்கள். அவளும் பார்த்தாள். அரித்தது, சொறிந்தாள். வியாழன் சாயங்காலம் அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கொதித்தது. ஓரத்தில் இரண்டு கொப்புளம். காய்ச்சல் வேறு.

வாசற்படியில் நின்று பார்த்த சீனிச்சாமி, "அக்கி," என்றார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று. அக்கி என்பது தோல் சிவந்து கொப்புளித்து எரியும் நோவு. மண்பாண்டம் செய்கிறவர்கள் வந்து காவிமண்ணைக் குழைத்து அதன்மேல் கோழியிறகால் எழுதுவார்கள். சிங்கம் ஒன்று, நாய் ஒன்று, சுற்றிலும் கோடு. காலையும் மாலையுமாக மூன்று நாள். அதுவரை குளியல் இல்லை, தாளிதம் இல்லை, வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஊசி போட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்பது பேச்சு. சீனிச்சாமிக்கே இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் இறங்கியிருக்கிறது. அக்கியாக இருந்தால் அது தானாகவும் இறங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டார்.)

வெள்ளி காலை காசிமாயன் வந்து எழுதினார். மாலையும் எழுதினார். சனி காலை எழுதும்போது, கோழியிறகு பட்டதற்கே அனுசியா பல்லைக் கடித்தாள். அப்படி வலிக்கிற பெண் இல்லை அவள். மதுரை ஆஸ்பத்திரியில் பின்னால் பார்த்தது: சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிலமலையில் சிவப்பின் மேலேயே சிவப்பைப் பூசி வைத்திருந்தார்கள். அடியில் எது எவ்வளவு தூரம் போனது என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிறு காலை கால் முழங்காலுக்கு மேலே கருநீலமாக இருந்தது. பால்ராஜைப் பார்த்து, "ஜீப்பு வந்துருச்சா, எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டாள். அவனை ஜீப் டிரைவர் என்று நினைத்துக்கொண்டாள். தேனிக்குப் போனார்கள், அங்கிருந்து மதுரைக்கு. திங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது.

4

[இந்தப் பகுதி அனுசியாவின் குணங்களைப் பற்றியது. பெரியம்மாள் கிழித்துவிட்டாள். "இருக்கையில ஒரு வார்த்தை சொன்னீகளா? இப்ப என்னத்துக்கு?" என்றாள். எண்ணை மாற்றவில்லை. நான்கு என்று ஒன்று இருந்தது தெரியட்டும்.]

5

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பார்த்தவர்கள் பார்த்தது கருத்துப்போன காலைத்தான். ஏலத்தோட்டம் உள்ள வீட்டில் பூச்சிமருந்து இல்லாமல் இருக்காது. மருமகள், மாமனார், கருத்த உடம்பு, தோட்டத்து மருந்து. இந்த நான்கையும் சேர்த்துக் கோக்க ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தேனியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள் அனுசியா மருந்து குடித்துவிட்டாள்.

அவளுடைய தம்பி முத்துப்பாண்டி ராசிங்காபுரத்தில் வெள்ளாமை பார்க்கிறவன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து கேட்டான். உட்காரவில்லை.

"மாமா, எங்கக்கா எதுக்கு மருந்து குடிச்சா? அத மட்டும் சொல்லுங்க. நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"ஊர என் முன்னாடி வரச் சொல்லு."

"ஊரு வராது மாமா. போலீசுதான் வரும். ஒரு வாரம் பாப்பேன், அப்புறம் எழுதிக் குடுத்துருவேன்."

சீனிச்சாமியின் வீட்டு வாசலில் போலீஸ் நின்றதில்லை. அவர் அப்பா காலத்தில் ஒரு முறை நின்றது, குடிக்கத் தண்ணீர் கேட்டு.

மறுநாளே பால்ராஜ் மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கிவந்தான். ரத்தத்திலும் சதையிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்தது என்று அதில் இருந்தது. சீனிச்சாமி போடியில் நாற்பது நகல் எடுத்தார். வெளுத்த வேட்டி சட்டையோடு தவசியின் டீக்கடைக்குப் போய், கல்யாணப் பத்திரிகை கொடுப்பது போல ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்தார். எழுபத்து மூன்று வயதில் அவர் அந்தக் கடைக்குள் நுழைந்தது அன்றுதான்.

தவசி காகிதத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தான். "என்னண்ணே இது, கேரளா லாட்டரி மாதிரி நம்பரு போட்டுருக்கு?"

"கிருமியோட பேரு."

"கிருமிக்கு இம்புட்டு நீளப் பேரா? எம் மகளுக்கே ரெண்டெழுத்துதான் வச்சிருக்கேன்."

சிரித்தார்கள். யாரும் நம்பவில்லை. பெரிய வீட்டுக்கு எந்தக் காகிதம்தான் கிடைக்காது?

அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது.

6

மருத்துவர் சந்திரவல்லி, சென்னையிலிருந்து. குரலைக் கேட்டால் நாற்பது வயதிருக்கும். அவரும் களைத்திருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை வீடுகளுக்கு இப்படிப் பேசுகிறாரோ.

அவர் சொன்னதைச் சீனிச்சாமி புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறார். அந்தக் கிருமி தொண்டையில் இருந்தால் தொண்டைவலி, தோலில் இருந்தால் புண். அதோடு போய்விடும். எப்போதாவது ரத்தத்துக்குள்ளோ சதைக்குள்ளோ நுழைந்துவிட்டால் பிறகு நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. அப்படி நுழைந்ததை எல்லாம் நாடு முழுவதும் சில ஆஸ்பத்திரிகளிலிருந்து எடுத்து அனுப்புகிறார்கள். எந்த வகை, எந்த ஊர், எந்த வயது, எங்கே புண், எத்தனை நாள் கழித்து வந்தார்கள் என்று எழுதி வைக்கிறார்கள். எந்த வகை எங்கே தலைதூக்குகிறது, எதனால் ஆட்கள் சாகிறார்கள் என்று அதிலிருந்து தெரியும்.

"உங்க மருமககிட்ட இருந்து எடுத்தது எங்ககிட்ட உறைய வச்சு இருக்குங்கய்யா."

"எங்க வீட்டுப் பொண்ணோடது எதுவும் அங்க இருக்கப்படாது. திருப்பி அனுப்பிருங்க."

"அது அவங்களோடது இல்லங்கய்யா. அவங்களக் கொன்னது."

[இந்த இடத்தில் சீனிச்சாமி என்ன நினைத்தார் என்று எழுத மூன்று முறை முயன்றார். நினைக்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவ்வளவுதான்.]

பிறகு சீனிச்சாமி ஒரு நிபந்தனை சொன்னார். எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன். ஆனால் என் மருமகள் மருந்து குடிக்கவில்லை என்று அவள் தம்பியிடம் நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முத்துப்பாண்டி வந்து உட்கார்ந்தான். போனைச் சத்தமாக வைத்து மேசைமேல் வைத்தார்கள். பால்ராஜ் சன்னலோரம். பெரியம்மாள் அடுக்களை வாசலில்.

"விஷம் இல்லைங்க," என்றார் டாக்டரம்மா. "சந்தேகமே இல்ல. கால்ல அட்டை கடிச்ச இடத்து வழியா கிருமி போயிருக்கணும். நல்லா இருக்கவங்களுக்கும் வரும்."

முத்துப்பாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "மன்னிச்சிருங்க மாமா," என்றான். சீனிச்சாமி தலையசைத்தார். குடும்பத்தின் பெயர் அந்த நிமிடம் திரும்பி வந்து மேசைமேல் உட்கார்ந்தது.

அப்புறம் கேள்விகள். வயது. வேலை. சர்க்கரை உண்டா. வீட்டில் வேறு யாருக்காவது தொண்டைவலி இருந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "முதல் நாளே காட்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" என்று முத்துப்பாண்டி குறுக்கே கேட்டான். டாக்டரம்மா சொன்னார்: "நிச்சயமா சொல்ல முடியாதுங்க. ஆனா சாதாரண பென்சிலினுக்கே அடங்குற கிருமிதான். நாள் ஆகிட்டா மருந்து மட்டும் பத்தாது."

"பதினேழாவது, ஐயா. வியாழக்கிழமை ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை வந்திருக்கீங்க. தாமதத்துக்குக் காரணம்?"

முத்துப்பாண்டி துண்டை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

சீனிச்சாமி சொன்னார்: "அக்கி எழுதுறவரு, ஊசி போடக் கூடாதுன்னுட்டாரு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பால்ராஜ் சன்னலை விட்டு எழுந்து வெளியே போனான். "சரிங்கய்யா. ஞாபகப்படுத்திப் பாத்து ஏதாவது மாத்தணும்னா இதே நம்பருக்குச் சொல்லுங்க. வருசக் கடைசியிலதான் தொகுப்போம்," என்றார் டாக்டரம்மா.

7

முத்துப்பாண்டி அங்கிருந்து நேராகக் காசிமாயன் வீட்டுக்குப் போனான். கார்த்திகைக்காக வெயிலில் காயவைத்திருந்த அகல் விளக்குகள் நானூறோ ஐந்நூறோ. ஏறி மிதித்தான். காசிமாயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

அதற்குப் பிறகு அவரை யாரும் அக்கி எழுதக் கூப்பிடவில்லை. அது நல்லதுதான் என்று டாக்டரம்மா சொல்லக்கூடும். ஆனால் அவரிடம் பானை வாங்கவும் யாரும் போகவில்லை. அவர் கை மண்ணில்தான் கிருமி இருந்தது என்று பேச்சு. தவசியின் கடையில் அவருக்குக் காகிதக் கப்பில்தான் டீ, அதையும் கடைக்கு வெளியே நின்று குடிக்க வேண்டும்.

அவர் வந்து சண்டை போட்டிருந்தால் சீனிச்சாமிக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. ஒருநாள் போடி பஸ்சில் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. "கும்புடுறேங்கய்யா. ஆத்தா நல்லாருக்காகளா?" என்றார். "ம்," என்றார் சீனிச்சாமி. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதி மூன்று கிலோமீட்டரை நடந்தார்.

8

இனி அந்தச் சனிக்கிழமை மாலை. தள்ளிப்போட்டது போதும்.

முதல் வடிவம்: காசிமாயன் எழுதி முடித்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அவர் புறப்பட்டுப் போனார்.

இரண்டாம் வடிவம்: காசிமாயன் போகும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பெரியம்மாள் இரண்டையும் படித்தாள். கிழிக்கவில்லை. மடித்துத் திரும்பக் கொடுத்தாள். "ஏங்க, அன்னைக்கு மழையே இல்ல," என்றாள்.

பால்ராஜிடம் கொடுத்தார். தாயைப் போல அவனும் படித்து ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று நினைத்தார். அவன் வாங்கவில்லை. "நீங்க எழுதுங்கப்பா. எழுதி முடிச்சிட்டு எங்கிட்டக் காட்ட வேணாம். நான் அங்கதான இருந்தேன்," என்றான். அன்றே தோட்டத்துக்கு ஏறியவன் இன்னும் இறங்கவில்லை.

மூன்றாம் வடிவம்:

காசிமாயன் இறகைக் கொட்டாங்கச்சியில் வைத்தார். எழுதவில்லை. ஈரத்துணியால் தான் காலையில் எழுதியதைத் துடைத்தார். அக்கி எழுதுகிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். துடைத்த இடத்தில் சிவப்புப் போய் ஒரு மாதிரி ஊதாவாக இருந்தது. குனிந்து பார்த்தார்.

"தம்பி, காலைல கோடு இங்க போட்டேன்," என்று பால்ராஜிடம் விரலால் காட்டினார். "இப்ப ஒரு சாண் தாண்டிருச்சு."

"எழுதுனா எறங்காதா?" என்றாள் பெரியம்மாள்.

"இது அக்கியே இல்ல ஆத்தா. நானும் அக்கின்னு நெனச்சுத்தான் கை வச்சேன். என் சோலி இது இல்ல." பிறகு வாசற்படியைப் பார்த்துச் சொன்னார்: "அய்யா, புள்ளைய வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

பால்ராஜ் எழுந்து ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தான். அனுசியா கண்ணைத் திறந்து வாசற்படியைப் பார்த்தாள். "போயிருவோம் மாமா," என்றாள்.

அந்த வீட்டில் யோசனை சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் காசிமாயன் கிடையாது. பின்வாசல் வழியாக வந்து, தானியம் வாங்கிக்கொண்டு போகிறவர். அவர் சொல்லி, தன் மகன் சாவியை எடுத்து, தன் மருமகள் புறப்படுவது என்றால்... ஆஸ்பத்திரி என்றால் ராசிங்காபுரத்துக்குத் தகவல் போகும். முத்துப்பாண்டி வந்து நின்று, எங்கக்காவை இப்படியா வைத்திருந்தீர்கள் என்று கேட்பான். நான்கு பேர் முன்னால் கேட்பான். இதெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சாவி ஆணியிலிருந்து கைக்கு வருகிற நேரம்.

சீனிச்சாமி சொன்னது:

[                                        ]

9

இந்த இடத்தில் முடிவு வர வேண்டும். இரண்டு எழுதினார்.

ஒன்றில் சீனிச்சாமி காசிமாயன் வீட்டுக்குப் போகிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு... வேண்டாம். படிக்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். காசிமாயனுக்கு ஒரு விளக்கும் திரும்பி வராது.

இன்னொன்றில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்கிறார். அவர் பதினேழாவது கேள்வியில் இருந்ததை அழித்து வேறு எழுதுகிறார். நாடு முழுவதையும் தொகுத்த அட்டவணையில், நாட்டு வைத்தியர் தடுத்தது என்ற கட்டத்தில் ஒன்று குறைந்து, வீட்டில் தடுத்தார்கள் என்ற கட்டத்தில் ஒன்று கூடுகிறது. எந்த வீடு என்று அட்டவணையில் இருக்காது. அதனாலேயே இது சுலபமான முடிவு. இந்தப் போனை இன்று காலை செய்தாகிவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா, "நன்றிங்கய்யா," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சிலமலையில் அந்த அட்டவணையை யாரும் படிக்கப் போவதில்லை. ஆகையால் இதை நாற்பது நகல் எடுத்திருக்கிறார். கதைக்கு முடிவு எது, முத்துப்பாண்டி என்ன செய்வான், பால்ராஜ் மலையிலிருந்து இறங்குவானா, பெரிய வீடு என்ற சொல் இனி என்ன ஆகும் என்பதை எல்லாம் இது கைக்கு வந்து சேர்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். எழுதுகிறவருக்கு அசதியாக இருக்கிறது.

ஒரு தகவலை மட்டும் திருத்த வேண்டும்.

அக்கி எழுத வந்த காசிமாயன், ஊசி போடக் கூடாது என்று மூன்று நாள் பிடித்து வைத்ததால் அனுசியா இறந்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். தவறு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னவர் காசிமாயன். "சாவிய ஆணியில மாட்டுடா," என்றவர் சீனிச்சாமி.